நான் அடித்த ஒரு வரி

புற்றுநோய் ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று துறையிலிருந்து கேட்டார்கள். ஓய்வுபெற்ற எல்லோரிடமும் கேட்கிறார்கள். பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்டவர் பிழைத்து நடந்துபோன கதை என்னிடமும் இரண்டு மூன்று உண்டு. அவற்றை மேடைகளில் சொல்லித் தீர்த்துவிட்டேன். மேடையில் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. என் வீட்டில்கூட அது தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன். வாசித்த பிறகு என்னை மதிப்பது உங்களுக்குக் கடினமாக இருக்கும். இருக்கட்டும்.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு புதிய ஆய்வு மருந்து வந்தது. அது ஓர் ஆன்டிபாடி, அதாவது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதம். லூபஸ் என்ற நோயில் உடம்பு தன்னையே எதிரியாக நினைத்து ஆன்டிபாடிகளை உண்டாக்கும் என்று படித்திருப்பீர்கள். அவற்றில் ஒரு வகை, உயிரணுவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வில் விழும் உடைசல்களை அணு தானே சரிசெய்துகொள்ளும் வேலையைத் தடுத்துவிடும். நோயைத் தருகிற அந்தக் குணத்தையே மருந்தாக்கிப் பார்த்தார்கள். சில புற்றணுக்களுக்குப் பழுது பார்க்கும் வழிகளில் ஒன்று ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். மிச்சமிருப்பதையும் இந்த ஆன்டிபாடி அடைத்துவிட்டால் அவை சேதம் தாங்காமல் சாகும். நல்ல அணு இன்னொரு வழியில் சமாளித்துக்கொள்ளும். எண்ணம் அழகானது. இன்றும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நல்லம்மாள் அந்த ஆய்வுக்காகவே பிறந்தவர் போல வந்தார். கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊருக்கு மேலே காடு வைத்திருந்தார். கணவர் இல்லை. சாமையும் மரவள்ளியும் போட்டு, மிளகுக் கொடி ஏற்றி, தனியாகவே எல்லாம் பார்த்துக்கொண்டவர். மகள் கவிதா சோளக்காடு சந்தையில் பழக்கடை வைத்திருந்தாள். நல்லம்மாளுக்குச் சினைப்பையில் புற்றுநோய். அறுவை சிகிச்சை ஆகி, இரண்டு சுற்று மருந்தும் முடிந்து, மூன்றாம் முறை வந்துவிட்டது. கொடுக்க வேறு மருந்து இல்லை. மரபணுச் சோதனையில், எங்களுக்கு வேண்டிய அதே பழுது அவரிடம் இருந்தது.

ஆய்வைப் பற்றி அவருக்குப் புரியவைக்க வேண்டியது என் பொறுப்பு. நான் மலைப்பாதையை வைத்துச் சொன்னேன்.

"உங்க மலைக்கு ஏற ரெண்டு ரோடு இருக்குல்லம்மா? அந்த மாதிரி ஒவ்வொரு அணுவுக்கும் தன்னைச் சரிபண்ணிக்க ரெண்டு ரோடு. கெட்ட அணுவுக்கு ஒரு ரோடு ஏற்கெனவே சரிஞ்சு கிடக்கு. இந்த ஊசி இன்னொன்னையும் அடைச்சிடும். அதோட அது செத்துப்போகும்."

"நல்ல அணுவுக்குங்க?"

"அதுக்கு ஒரு ரோடுதான் அடைபடும். இன்னொண்ணு இருக்கே. அதுல போய்க்கும்."

அவர் விரலால் மேசைமேல் இரண்டு கோடு இழுத்தார்.

"ஏனுங்க சார், மழைக்கு மண்ணு சரிஞ்சு ஒரு ரோட்ட அடைச்சுட்டாங்கன்னா, எல்லா லாரியும் மத்த ரோட்டுலதானுங்க வரும்? அன்னைக்கிப் பாத்தீங்கன்னா வளைவுக்கு வளைவு நெரிஞ்சு நிக்கும். ஆம்புலன்சுகூடப் போவாது. நல்ல அணுவுக்கும் அப்படி ஆயிராதுங்களா?"

நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஆய்வுச் செவிலியரைப் பார்த்து, "அம்மாவை நம்ம குழுவிலேயே சேத்துக்கலாம் போல" என்றேன். நல்லம்மாளும் சிரித்தார். கவிதா, "இங்க வந்தும் வாய் ஓயாதா உனக்கு" என்று அம்மாவின் தோளில் தட்டினாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சிரிப்பில் அது கரைந்துவிட்டது. அந்த மருந்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான்.

அடுத்து, நோயாளிக்கான அறிவுரைத் தாளை வாசித்தோம். கவிதா ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தாள். ஏழாவது வரி இது: மேகமூட்டமாக இருந்தாலும் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வெளியில் வேலை செய்யக் கூடாது, தவிர்க்க முடியாமல் போனால் உடல் முழுவதும் மூடியிருக்க வேண்டும்.

நல்லம்மாள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"வெளிய போகாம நான் ஊட்டுக்குள்ள உக்காந்தா காட்ட யாருங்க பாக்கறது? மூணு மாசத்துல சாமை அறுப்பு வருது. இவளுக்குக் கடை இருக்குது. எனக்கு இந்த ஊசி வேண்டாமுங்க சார். வந்த வரைக்கும் சந்தோசம்."

எழுந்துவிட்டார். எங்கள் மையத்தில் அதுவரை சேர்ந்த யாரிடமும் இத்தனை பொருத்தமான பழுது இல்லை. மருந்து நிறுவனத்திலிருந்து வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கதவைத் தாண்டிப் போனால் ஆறு மாதம்கூட இருக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டில் எது என் கையை நகர்த்தியது என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டும்தான்.

"உக்காருங்கம்மா" என்றேன். "இது எங்களை மாதிரி கீழ்நாட்டுல வெயில்ல காயறவங்களுக்கு எழுதினது. உங்க மலையில ஏது வெயில்? பாதி நாள் பனி மூடிக் கிடக்கு. நானே அங்க வந்தா ஸ்வெட்டர் தேடறேன்."

பேனாவை எடுத்து அவருடைய தாளில் அந்த வரியை அடித்தேன். ஆய்வுப் பிரிவில் எப்படி அடிப்போம் என்று உங்களுக்கு இந்த வாரமே சொல்லித்தந்திருப்பார்கள். அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது. அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்துச் சுருக்கம், தேதி. பழக்கத்தில் அப்படியே செய்தேன். கோப்பில் இருந்த பிரதியில் எதையும் அடிக்கவில்லை.

செவிலியர் தாழ்ந்த குரலில், "சார், அந்த வரி..." என்றார்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நல்லம்மாள் கையெழுத்துப் போட்டார். தாளை மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டு இருந்த பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அந்தப் படத்தை நான் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று கணக்கில்லை. நல்லம்மாள் ஒரு பலாப்பழத்தைப் பேருந்தில் சுமந்து வந்து என் மேசைமேல் வைத்தார். மேசையில் இருந்த காகிதத்திலெல்லாம் பிசின் ஒட்டிக்கொண்டது. "ஒட்டுனா நல்லதுங்க, என் உசுரு ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சுக்குங்க" என்றார்.

ஐந்தாவது ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும். கவிதா கைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், அம்மாவுக்கு மூஞ்சி, கையெல்லாம் செவந்து தடிச்சிருக்குதுங்க. எரியுதுங்கறாங்க. தண்ணி பட்டாக் கத்தறாங்க."

"புதுசா எதாச்சும் சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்க. அறுப்புல இருக்கறாங்க. எப்பவும் போல களிதானுங்க."

ஒரு படம் அனுப்பச் சொன்னேன். வீட்டுக்குள் எடுத்த மங்கலான படம் வந்தது. ஒவ்வாமை என்று முடிவு செய்து, ஒரு மாத்திரையும் பூசுவதற்கு ஒரு மருந்தும் செம்மேட்டு மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அறுப்பில் இருக்கிறார் என்ற சொல் என் காதில் விழுந்தது. அது எதையும் எழுப்பவில்லை. சூரிய ஒளி பட்டால் லூபஸ் நோயாளிகளின் தோல் என்ன ஆகும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்த நோயிலிருந்து வந்த மருந்தை ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஏற்றிவிட்டு, களியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை பேச்சு இல்லை, அழுகை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செவிலியரும் வந்தார். வளைவுகள் ஏற ஏற மூடுபனி அடர்ந்தது. சோளக்காட்டில் இறங்கியபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடையில் இருந்த பெண்கள் துண்டைத் தலையோடு போர்த்தியிருந்தார்கள். வெயில் என்று சொன்னால் சிரிப்பார்கள். வீடு வரைக்கும் என் மனசு ஒவ்வாமை, ஒவ்வாமை என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தது.

நல்லம்மாள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். போர்த்தியிருந்த வேட்டியைக் கவிதா மெல்ல எடுத்தாள்.

மருத்துவனாக நான் பார்க்காத உடம்பு இல்லை. ஆனாலும் கட்டிலருகே குனிந்து இடம் இடமாகப் பார்த்தேன். முகமும் கழுத்தும் வெந்து உரிந்திருந்தன. முழங்கைக்குக் கீழே தோல் சுருண்டு தொங்கியது. ஆனால் நெற்றியில், துண்டு கட்டும் இடத்துக்கு மேலே, தோல் பழையபடி இருந்தது. ரவிக்கைக் கை முடியும் இடத்தில் ஒரு கோடு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கால் விரல்கள் வெந்திருந்தன. செருப்பு வார் கிடந்த இடம் மட்டும் பட்டையாகத் தப்பியிருந்தது. வளையலை நகர்த்திப் பார்த்தேன். அதன் அடியில் ஒரு வளையம் நல்ல தோல்.

துணி மறைத்த இடமெல்லாம் தப்பியிருந்தது. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெந்திருந்தது. அந்த மலையில் பனியும் மேகமும் சூட்டைத்தான் மறைக்கின்றன. தோலைச் சுடும் கதிரை முழுதும் மறைப்பதில்லை. உயரம் கூடக்கூட அது கூடுகிறது. நாள் முழுக்கக் குனிந்து அறுத்த ஓர் உடம்பில் அணுக்கள் நொடிக்கு நொடி உடைந்துகொண்டிருக்க, சரிசெய்யும் வழியை நான் அடைத்து வைத்திருந்தேன். மிச்சமிருந்த ஒரு ரோட்டில் எல்லா லாரியும் வந்து நெரிந்துவிட்டது.

செவிலியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சார் வந்துட்டீங்களா" என்றார் நல்லம்மாள், உதடு அசையாமல். "கண்ணு கவிதா, சாருக்குக் காப்பி வெய்யி."

ஆம்புலன்ஸ் வரவழைத்து அதில் மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, விரிப்பில் ஒட்டிப் பிரியும். அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

பிழைத்தார். ஒரு மாதம் ஆனது. ஆனால் நான் சொல்ல வந்தது அவர் வார்டுக்குள் போன முதல் நாளில் நடந்தது.

இப்படிப்பட்ட பாதிப்பு நேர்ந்தால் உடனே அறிக்கை அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: நோயாளிக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டதா? அதன் கீழே இன்னொன்று: நோயாளி அதைப் பின்பற்றினாரா? கோப்பில் இருந்த பிரதி சுத்தமாக இருந்தது. ஏழாவது வரி அச்சடித்தபடி அப்படியே இருந்தது.

முதல் கேள்விக்கு ஆம் என்று எழுதினேன். இரண்டாவதற்கு இல்லை என்று எழுதினேன்.

செவிலியர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். "சார், நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார்.

"தெரியும்."

"அவங்க மேல தப்பு இல்லீங்க சார்."

"இப்ப உண்மையை எழுதினா என்ன ஆகும் சொல்லு. நம்ம மையத்தையே மூடுவாங்க. இந்த மருந்தை நம்பி இருக்கற மத்தவங்க என்ன ஆவாங்க? அவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

இந்த வாதத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என்றாவது உங்கள் வாயிலும் இது வரும். வரும்போது மற்றவர்களுக்காகப் பேசுவது போலவே இருக்கும். அந்த மற்றவர்களில் ஒருவர் முகமும் அப்போது என் நினைவில் இல்லை. என் பெயர்தான் இருந்தது.

செவிலியர் அறையை விட்டுப் போனார். அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அறிவுரையைப் பின்பற்றாதவர் ஆய்வில் தொடர முடியாது என்பது விதி. மருந்தைத் தந்த நிறுவனத்திலிருந்து அதே வாரம் கடிதம் வந்தது, நல்லம்மாள் நீக்கப்பட்டார். தோல் ஆறிய பிறகு, அளவைக் குறைத்து, வீட்டுக்குள் இருக்கச் செய்து மறுபடியும் தொடங்க விதியில் இடம் இருந்தது. நான் எழுதிய இல்லை என்ற ஒரு சொல் அந்தக் கதவை மூடியது. கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்த உடம்பு அது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவரிடம் போய், "அம்மா, அந்தப் பழைய தாள் இருக்கா? குடுங்க, புதுசு தாரேன்" என்றேன்.

பையைத் திறந்தார். பிளாஸ்டிக் கவரை எடுத்தார். புதுத் தோல் இன்னும் இழுத்துப் பிடித்திருந்ததால் விரல்கள் மடங்கவில்லை. தாளை விரித்து ஏழாவது வரியைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"வெச்சுக்குங்க சார்."

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. நான் புதுத் தாள் எதையும் தரவில்லை. ஆய்வில் இல்லாதவருக்கு எதற்குத் தாள்?

ஓராண்டுக்குள் அவர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தாளைக் கிழிக்க இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் திரும்ப வைத்தேன். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்தும் ஒரு குறை சொல்லாமல் தாளைக் கையில் கொடுத்தாரே, மலை மனுஷியின் பெருந்தன்மை அது என்று. அந்த எண்ணத்தில் நான் நன்றாகத் தூங்கினேன். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு, ஓய்வு பெற்ற பிறகு, அந்தத் தாளோடு சோளக்காட்டுக்குப் பேருந்தில் போனேன். கவிதாவின் கடை முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. மலைவாழைத் தார்கள் தொங்கின. என்னை அடையாளம் தெரியாமல், "வாங்க சார், மொளகு நம்ம காட்டு மொளகுங்க, கடிச்சுப் பாருங்க" என்றாள். பிறகு கையிலிருந்த படியைக் கீழே வைத்தாள்.

"டாக்டருங்களா?"

கடைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வரியை அடித்தது, படிவத்தில் எழுதியது, தாளை வாங்கிக்கொண்டது. தாளை அவள் மடியில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

"அந்த ஊசிய இன்னும் போடறாங்களாங்க?"

"போடறாங்க. வேற ஊர்கள்ல."

"மேகமா இருந்தாலும் சுடும்னு அவங்ககிட்டச் சொல்றாங்களா?"

அச்சடித்த தாளில் அந்த வரி இருந்தது. ஆனால் அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி நல்லம்மாளின் உடம்பு. அதை நான் ஒரு கீழ்ப்படியாதவரின் கதையாக்கிவிட்டேன். வேறு எந்த மலையில் எந்த மருத்துவர் பேனாவை எடுத்தாரோ, எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவளிடம் சொன்னேன்.

"அப்ப இத எனக்கு எதுக்குங்க குடுக்கறீங்க? குடுக்கற எடத்துல குடுங்க" என்று தாளை என் பக்கம் தள்ளினாள்.

ஒரு வியாபாரி வந்து மிளகு கேட்டார். அளந்து கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள். நான் அப்போதுதான் கேட்டேன், வாழ்நாளில் கேட்டிருக்கக் கூடாத கேள்வியை. "அம்மா என்னை மன்னிச்சுட்டாங்கன்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன் கவிதா. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியே, இல்லையா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"மன்னிப்பா? அதெல்லாம் இல்லீங்க சார். நான் அன்னைக்கே கேட்டேன், ஏம்மா அந்தத் தாளக் குடுத்தே, அதுல அவரு கோடு இருக்குதேன்னு. 'கேட்டதும் குடுத்தாத்தாண்டி மறுபடி ஊசிக்குக் கூப்புடுவாரு, மொறச்சுக்கிட்டா உட்டுருவாங்க'ன்னாங்க. பயமுங்க. ஊட்டுல சிக்னல் இருக்காதுங்க. அந்தா, அந்தப் பாறை மேல போனாத்தான் கெடைக்கும். காலையில போயிருவாங்க, போனை மடியில வெச்சுக்கிட்டு. வெளிய போகக் கூடாதுன்னு இருக்குதேம்மான்னா, முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, பெரிய கொடையா புடிச்சுக்கிட்டுப் போனாங்க. மூடுபனியில கொடை புடிச்சு உக்காந்திருக்கறான்னு ஊரே சிரிச்சுது. படுக்கையில உழுவற வரைக்கும் போனாங்க."

பாறை கடையிலிருந்தே தெரிந்தது. அன்றும் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் ஆய்வுகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். மூலத் தாளை இணைத்தேன். அந்தச் செவிலியரைத் தேடிப்பிடித்து, சாட்சி சொல்வீர்களா என்று கேட்டேன். "இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றார். அந்த மருந்தைப் பயன்படுத்தும் மற்ற மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கை போயிருக்கிறது என்று சொன்னார்கள். என்மீது விசாரணை நடக்கிறது. முடிவு எதுவானாலும் நான் மேல்முறையீடு செய்யப்போவதில்லை.

விசாரணைக்கு முன் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு கேள்வி: நோயாளி இது குறித்துப் புகார் செய்தாரா? இல்லையெனில், காரணம் என்ன?

இல்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுதினேன்: நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்தார்.